முதல் ஜப்பான் உருஷி பேனா: படம் போட்டதா, வெறும் பூச்சா?

திருச்சி மைக்கூடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை வருடமாகத் திருவள்ளூர் ரங்கா எபோனைட் பேனாக்கள்தான் என் கைக்குப் பழக்கம். அதில் குறை ஒன்றும் இல்லை. இப்போது அரியர்ஸ் பணம் கொஞ்சம் சேர்ந்து வந்திருக்கிறது. "இந்தத் தடவையாவது உங்களுக்குன்னு எதையாவது வாங்கிக்கோங்க" என்று வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். விலையைக் கேட்ட பிறகும் இதையே சொல்வார்களா என்பது வேறு விஷயம்.

ஜப்பானில் உருஷி என்ற மரப்பாலைக் கையால் பூசிய மை பேனா ஒன்று வாங்க ஆசை. இரண்டு பேனாக்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று நகாயா கம்பெனியின் தமேநூரி. படம், பூ எதுவும் இல்லை, வெறும் பூச்சு. இன்னொன்று ஏலத் தளத்தில் இருப்பது. கருப்பு உடம்பில் தங்க நிறத்தில் கொக்கு, பைன் மரம், பின்னால் ஃபூஜி மலை. "கைவினை மாக்கி-எ", அதாவது கையால் செய்த தங்கத் தூள் ஓவியம் என்று போட்டிருக்கிறார்கள். விலை நகாயாவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படங்களை இணைத்திருக்கிறேன். படம் வரைந்த பேனா மலிவாகவும் வெறும் பேனா அதிக விலையாகவும் இருப்பது எனக்குப் புரியவில்லை.

அப்புறம் இரண்டு சந்தேகம். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இந்தப் பூச்சு தாங்குமா? என் மனைவிக்குச் சேராங்கொட்டை பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். உருஷி மரமும் அதே இனம் என்று எங்கோ படித்தேன். பேனாவை அவர் தொட்டால் ஏதாவது ஆகுமா?

—

மைக்கறை எழுதியது:

பேனா எழுதத்தான். அந்தக் காசில் பைலட் கஸ்டம் 823 பேனா ஒன்று, நல்ல காகிதம் நாலு ரீம், பத்து வருடத்துக்கு மை, எல்லாம் வாங்கிவிட்டு மீதியை வங்கியில் போடலாம். பூச்சுக்குக் காசு கொடுப்பது என் புத்திக்கு எட்டவில்லை. மற்றபடி உங்கள் பணம், உங்கள் இஷ்டம்.

—

கனசாவா குடை எழுதியது:

சார், கொக்கு பேனாவை விட்டுவிடுங்கள். ஏலம் எப்போது முடிகிறது என்று தெரியாததால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது இஷிகாவா மாநிலத்தில், கனசாவா பக்கம். பிழைப்பு பாலிமர் ஆய்வகத்தில். உருஷி எனக்கு முதலில் பழக்கமானது சோதனைக் குழாயில்தான், பேனா மோகம் பிறகு ஒட்டிக்கொண்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்ட மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொக்கின் இறகுக் கோடுகளைப் பாருங்கள். தொடங்கும் இடம், நடு, முடியும் இடம் எல்லாம் ஒரே தடிமன். தூரிகையால் இழுத்த கோடு அப்படி இருக்காது. மயிரிழையாகத் தொடங்கி, வயிறு கொடுத்து, மறுபடி மெலிந்து முடியும். மாக்கி-எ என்பது ஈர உருஷியால் கோடு போட்டு, அது காய்வதற்குள் சின்ன மூங்கில் குழாயில் தங்கத் தூளை வைத்து, குழாயை விரலால் தட்டித் தட்டித் தூவுகிற வேலை. குழாயின் வாயில் பட்டுத் துணி கட்டியிருக்கும். தூள் இந்தப் பக்கம் அடர்த்தியாகவும் அந்தப் பக்கம் போகப் போக ஒன்றிரண்டு துகளாகவும் விழும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மேகமோ மலையடிவாரமோ கருப்புக்குள் கரைகிற இடத்தில் துகள்கள் சிதறிக் கிடப்பது தெரியும். உங்கள் படத்தில் ஃபூஜி மலையின் அடிவாரம் கத்தரித்த மாதிரி நிற்கிறது. வரிசையாகப் புள்ளிகள்கூடத் தெரிகின்றன. அது ஸ்கிரீன் பிரிண்ட். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே முறை.

இதை ஜப்பானில் ஏமாற்று வேலை என்று யாரும் சொல்வதில்லை. "கின்தாய் மாக்கி-எ", அதாவது நவீன மாக்கி-எ என்று பெயர் போட்டேதான் விற்கிறார்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்பு. பரிசு கொடுக்க நல்ல பொருள், விலையும் அதற்கேற்ப இருக்கும். நாலு கை மாறி ஏலத் தளத்துக்கு வருவதற்குள் "கின்தாய்" உதிர்ந்துபோய் "கைவினை" ஒட்டிக்கொள்கிறது. கையால் வரைந்ததில் கலைஞரின் பெயரும் சிவப்பில் அவர் முத்திரையும் இருக்கும். பைலட் கம்பெனியின் நமிக்கி பேனாவானால் "கொக்கோகாய்" என்ற கலைஞர் குழுவின் பெயரும் சேர்ந்திருக்கும். ஆனால் கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள், அதையும் அச்சடிக்கலாம். கோட்டைப் பாருங்கள், தூளைப் பாருங்கள்.

இனி வெறும் பேனாவுக்கு ஏன் அவ்வளவு விலை. மைக்கறை சாருக்கும் இதுதான் பதில்.

பைலட் கம்பெனி 1918ல் நமிக்கி என்ற பெயரில் தொடங்கியது. அந்தக் காலத்து பேனா எல்லாம் எபோனைட். எபோனைட் என்றால் ரப்பரும் கந்தகமும்தான். உங்கள் ரங்கா பேனாவை ஜன்னலோரம் வைத்தால் கருப்பு மெல்லப் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து மங்கிவிடும். இதைத் தடுக்கத்தான் 1920களில் நமிக்கிக்காரர்கள் எபோனைட் மேல் உருஷி பூசிப் பார்த்தார்கள். அழகுக்காகத் தொடங்கிய வேலை இல்லை, நிறம் போகாமல் இருக்கச் செய்த வேலை. கருப்பு பளபளவென்று நிலைத்ததும்தான் அதன் மேல் படம் வரையலாமே என்று யோசனை வந்தது. 1926ல் மட்சுதா கொன்ரோக்கு என்ற கலைஞரை வேலைக்கு எடுத்தார்கள். அவர் பிறந்தது கனசாவாவில், அதனால் எங்கள் ஊர்க்காரர் என்று எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. 1930ல் லண்டன் டன்ஹில் கம்பெனியோடு ஒப்பந்தம், மறுவருடம் கொக்கோகாய் குழு. டன்ஹில்-நமிக்கி என்று இரண்டு பெயரும் போட்ட பழைய பேனாக்கள்தான் இன்றைக்கு ஏலத்தில் ஆளைத் தூக்குகிற விலைக்குப் போகின்றன. மட்சுதாவை 1955ல் வாழும் தேசியப் பொக்கிஷங்களில் ஒருவராக அரசு அறிவித்தது. கனசாவாவில் இப்போது இருக்கும் தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் அவர் வேலை செய்த அறையை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எத்தனை சின்ன அறை! தரையில் உட்கார்ந்து, கை நீட்டினால் எல்லாம் எட்டுகிற தூரம்.

சரி, பூச்சுக்கு வருவோம். உருஷி என்பது மரத்தின் பால். நம் ஊர் அரக்கு பூச்சியிடமிருந்து வருவது, சூடு காட்டினால் உருகிவிடும். இது அப்படி இல்லை. மரம் வளர்ந்து தயாராகப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். கோடையில் பட்டையைக் கீறிக் கீறி எடுத்தால் ஒரு மரத்துக்குச் சுமார் 200 மில்லி கிடைக்கும். அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். ஜப்பானுக்குள் கிடைப்பதில் பெரும்பகுதி இவாத்தே மாநிலத்து ஜோபோஜி பக்கத்திலிருந்து வருகிறது. ஆனால் நாட்டில் செலவாவதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வரும் சரக்கு. "முழுக்க ஜப்பான் உருஷி" என்று யாராவது மலிவாக விற்றால் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

பூசியதைக் காய வைப்பதுதான் வேடிக்கை. துணி மழைநாளில் காயாது, உருஷி மழைநாளில்தான் காயும். பாலுக்குள் லாக்கேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வேலை செய்யக் காற்றில் ஈரம் வேண்டும், எழுபது எண்பது சதவீதம். வெப்பம் இருபதிலிருந்து முப்பது டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஈர அலமாரிக்குள் பேனாவை வைத்து, நாலு பக்கமும் வழியாமல் இருக்கத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். பூச்சு இறுகியதும் கரித்துண்டால் தேய்த்துச் சமன் செய்து, மறுபடி பூசி, மறுபடி அலமாரி. பூசுகிற தூரிகை மனிதத் தலைமுடி. பென்சிலுக்குள் ஈயம் போலக் கட்டையின் நீளம் முழுக்க முடி ஓடும், தேயத் தேயச் சீவிக்கொள்ளலாம். கண்ணாடிப் பளபளப்பு வேண்டும் என்றால் கடைசியில் மான்கொம்புத் தூளை எண்ணெயோடு சேர்த்து விரல் நுனியால் தேய்ப்பார்கள். மாதக்கணக்கில் நடக்கிற வேலை. விலை அங்கேதான் போகிறது. (ஒரு எச்சரிக்கை. சில விற்பனையாளர்கள் "நூற்றுக்கும் மேற்பட்ட படிகள்" என்று ஒப்பிப்பார்கள். அது எங்கள் மாநிலத்து உருஷி ஊரான வாஜிமாவில் மரக்கிண்ணம் செய்கிற கணக்கு. அங்கே மரம் கடைவது, விளிம்பில் துணி ஒட்டுவது, சுட்ட மண் தூள் கலந்து பூசுவது என்று எல்லாம் சேரும். எபோனைட் பேனாவுக்கு அதில் பாதி தேவையே இல்லை.)

நீங்கள் பார்த்து வைத்த தமேநூரி என்பது அடியில் சிவப்போ பச்சையோ பூசி, மேலே தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உருஷியைப் பல தடவை பூசுவது. என் மேஜையில் ஒன்று இருக்கிறது, குரோ-தமேநூரி. குழல்விளக்கில் பார்த்தால் சாதாரணக் கருப்பு பேனா, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூடியைத் திருகிக் கழற்றி அதன் உதட்டை மட்டும் பாருங்கள். விளிம்பில் உருஷி நிற்காது, இரண்டு பக்கமும் விலகிக்கொள்ளும். அங்கே பூச்சு மெலிந்து, உள்ளே இருக்கும் சிவப்பு மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும். உடம்பின் கடைசி முனையிலும் மரையின் மேட்டிலும் அப்படித்தான். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வரும்போது கருப்பு முழுவதுமே அடர்ந்த பழுப்பாக மாறும். வருடம் போகப் போக மேல்பூச்சு இன்னும் தெளியும், சிவப்பு இன்னும் வெளியே வரும். நான் வாங்கியபோது தேடிப் பார்த்தால்தான் கோடு தெரியும், இப்போது கை நீட்டும் தூரத்திலேயே தெரிகிறது.

இதனால்தான் சேகரிக்க வருகிறவர்களிடம் முதலில் படமில்லாததை வாங்கச் சொல்கிறேன். பூச்சைப் பார்க்கப் பழகாத கண்ணுக்கு நல்ல மாக்கி-எவும் அச்சும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கொக்கும் ஃபூஜியும் கண்ணைப் பிடித்து இழுத்துவிடும், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே விடாது.

உங்கள் சந்தேகங்கள். திருச்சிப் புழுக்கம் உருஷிக்குப் பிடித்த விஷயம்தான். அதற்கு ஆகாதது வறட்சியும் வெயிலும். இங்கே அருங்காட்சியகத்தில் உருஷிப் பொருள் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குவளைத் தண்ணீர் வைத்திருப்பதைப் பார்க்கலாம். கனசாவாவில் "சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று சொல்வார்கள், அவ்வளவு மழை. உருஷி வேலை இந்தக் கரையில் வேர் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. புற ஊதாக் கதிர் பட்டால் மட்டும் பளபளப்பு செத்துவிடும், அதற்கு மருந்து கிடையாது. கார் டேஷ்போர்டு, ஜன்னலோர மேஜை இரண்டும் வேண்டாம்.

உங்கள் மனைவியின் சேராங்கொட்டை விஷயம். நீங்கள் படித்தது சரி. உருஷி, சேராங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் ஒரே குடும்பம். உருஷிப் பாலில் இருக்கும் "உருஷியால்" என்ற வேதிப்பொருள்தான் தோலைத் தடிக்க வைக்கும். முழுக்க இறுகிய பூச்சில் அது ஒன்றோடொன்று பின்னிப் பாலிமராகிவிடுவதால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சேராங்கொட்டைக்கே உடம்பெல்லாம் தடிக்கிறவர் என்கிறீர்கள். புதிதாகப் பூசிய பேனா என்றால் பெட்டியைத் திறந்ததும் ஒரு மாதிரி புளித்த வாசனை வரும். அந்த வாசனை போகும் வரை சில மாதம் அவர் தொடாமல் இருக்கட்டும்.

—

பண்ருட்டிக்காரன் எழுதியது:

அக்கா, முந்திரி பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் ஊரில் கொட்டை உடைக்கிற அம்மாக்களின் விரல் எல்லாம் அந்த எண்ணெய் பட்டுக் கருத்து, தோல் உரிந்து கிடக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அந்த எண்ணெயில் பெயின்ட் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை உருஷி என்று சொல்லி விற்பதும் உண்டா?

—

கனசாவா குடை எழுதியது:

உண்டு தம்பி. இங்கே அதன் பெயரே "கஷ்யூ". முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து செய்கிற வார்னிஷ். ஈர அலமாரி வேண்டாம், விலையும் குறைவு, பார்வைக்கு உருஷி போலவே இருக்கும். சாதாரணக் கிண்ணம், தட்டு, மரச்சாமான் என்று பல இடங்களில் பயன்படுகிறது. பெயர் சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. பழைய பேனாவை யாரோ வீட்டில் கஷ்யூ பூசிப் புதுசாக்கி "உருஷி" என்று போடும்போதுதான் தொல்லை. படத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். யார் பூசியது, எந்த ஊரில் பூசியது என்று கேளுங்கள். கேட்டால் மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள். அந்த அம்மாக்களின் கை நான் இங்கே பார்த்த பூச்சுப் பட்டறைக் கைகளை நினைவுபடுத்துகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் உடம்பு தடித்து, பிறகு பழகிவிடும் என்பார்கள். சிலருக்குப் பழகுவதே இல்லை, தொழிலை விட்டுவிடுகிறார்கள்.

—

மைக்கறை எழுதியது:

எபோனைட் நிறம் போகாமல் இருக்கப் பூசினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது நியாயமான காரணம். ஆனாலும் ஒரு கேள்வி. பூச்சை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற பேனா எழுத எப்படி?

—

கனசாவா குடை எழுதியது:

நல்ல கேள்வி. நகாயா 1999ல் பிளாட்டினம் என்ற பேனா கம்பெனிக் குடும்பத்திலிருந்து பிறந்தது. நிப் பிளாட்டினத்தின் 3776 வகை, 14 காரட் தங்கம். (ஃபூஜி மலையின் உயரம் மீட்டரில் 3776, பெயர் அங்கிருந்து வந்தது.) அதே நிப்பை பிளாட்டினத்தின் சாதாரண பேனாவில் பல மடங்கு குறைந்த விலைக்கு வாங்கலாம். எழுத்து மட்டும்தான் வேண்டும் என்றால் நீங்கள் சொல்வதே சரி, நான் சண்டைக்கு வர மாட்டேன். பெரிய நிப் மேல் ஆசை இருப்பவர்களுக்கு பைலட் 2016ல் கொண்டுவந்த கஸ்டம் உருஷி இருக்கிறது. நிப் 30ஆம் எண் அளவு, 18 காரட், பஞ்சு மாதிரி வளையும். உடம்பு எபோனைட், கருப்பு அல்லது குங்குமச் சிவப்பு உருஷி. கை சின்னதாக இருந்தால் கனமாகத் தெரியும், எனக்கு அப்படித்தான் இருந்தது.

—

திருச்சி மைக்கூடு எழுதியது:

நன்றிம்மா. ஏலத்தை விட்டுவிட்டேன். விற்பவரிடம் "கின்தாயா?" என்று ஒரு வரி கேட்டேன், இன்னும் பதில் இல்லை. தமேநூரிதான் என்று முடிவு. கிளிப் வைத்ததா, வைக்காததா? மை எப்படி நிரப்புவது? சட்டைப் பையில் குத்திக்கொள்ளலாமா? அப்புறம், வாஜிமாவில் பூகம்பம் வந்ததே, இப்போது ஆர்டர் செய்வது சரியா?

—

கனசாவா குடை எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். 2024 ஜனவரி 1 பூகம்பத்தில் வாஜிமாவில் பல பட்டறைகள் இடிந்தன, காலைச் சந்தைத் தெரு எரிந்தது. அதே வருடம் செப்டம்பரில் வெள்ளமும் வந்தது. வீட்டை இழந்த பூச்சுக்காரர்கள் பலர் கனசாவா பக்கம் வந்து வேலை செய்கிறார்கள். அதனால் தாராளமாக ஆர்டர் செய்யுங்கள், ஆனால் அவசரப்படுத்தாதீர்கள். நல்ல காலத்திலேயே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பொருள். சுங்க வரிக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். வழியில் தொலைந்தால் குறைத்துப் போட்ட தொகைக்குத்தான் காப்பீடு கிடைக்கும்.

கிளிப் இல்லாததுதான் பார்க்க அழகு, பூச்சு தடையில்லாமல் ஓடும். ஆனால் மேஜையில் உருளும். உருளாமல் இருக்கச் சின்ன உலோகத் துண்டு வைத்துத் தருகிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். அல்லது ஒரு மடித்த துணி போதும். சட்டைப் பை வேண்டாம். சாவி, சில்லறை, கிளிப்பின் உரசல் எல்லாம் கோடு போடும். தனியாக ஒரு துணி உறை தைத்துக்கொள்ளுங்கள். துடைக்க மெல்லிய பருத்தித் துணி போதும், ஸ்பிரிட்டோ பாலிஷோ கிட்டே வரக்கூடாது.

மை புட்டிக்குள் பேனாவைக் கழுத்து வரை முக்காதீர்கள். பேனாவுக்குள் மை நிற்கும் குழாயான கன்வெர்ட்டரைக் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் நிரப்பி மாட்டுங்கள். கழுவும்போதும் நிப் பகுதியைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டாம்.

நிப் அளவு கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜப்பான் ஃபைன் நம் ஊர் ஃபைனைவிட மெலிசு. ஞ, ண, ழ எல்லாம் சுழி அடைபடாமல் எழுத அது போதும், பெரிய எழுத்துக்காரர் என்றால் மீடியம் எடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது பேனாவை எந்தச் சாய்வில் பிடிக்கிறீர்கள், எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள், அதற்கேற்ப நிப்பைச் சரிசெய்து அனுப்புவார்கள். தமிழில்தான் அதிகம் எழுதுவேன் என்று அங்கே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சுழி இடது பக்கமும் வலது பக்கமும் மாறி மாறி வரும் என்று தெரிந்தால் நிப் முனையை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஓடுகிற விதமாகத் தீட்டித் தருவார்கள்.